சோதினை எழுதினதா, எடுத்ததா, இருந்ததா?

இங்கிலாந்துக்குப் படிக்கப் போக ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்த ஒரு தம்பி, பல்கலைக்கழக நேர்முகத்துக்குப் பழகவென்று என்னிடம் வந்தார். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் படிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லும் என்றேன். மளமளவென்று வந்தது மறுமொழி: "ஐ பாஸ்ட் அவுட் ஃப்ரொம் ஸ்கூல். ஐ பாஸ்ட் ஏ.எல். இன் செக்கன்ட் ஷை."

"பள்ளிக்கூடத்தில மயங்கி விழுந்தனீரோ?"

"இல்லை ரீச்சர், படிச்சு முடிச்சு வெளியில வந்தனான்."

"அப்ப ரெண்டாந்தரம் ஏன் வெக்கப்பட்டனீர்?"

அதைக் கேட்ட பிறகுதான் ஆள் உண்மையாக வெட்கப்பட்டார்.

பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுதல். படைக் கல்லூரியில் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளியேறுகிறவர்களுக்கு இங்கிலாந்திலும் அந்தச் சொல்லைப் பாவிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு 'ஃபினிஷ்ட் ஸ்கூல்', 'லெஃப்ட் ஸ்கூல்' என்று சொன்னால் போதும். ஷையின் கதை வேறு. அது பிழையான ஆங்கிலம் இல்லை, பழைய ஆங்கிலம். எறிதல் என்றும், அதிலிருந்து ஒருக்கால் முயன்று பார்த்தல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. மாங்காய்க்குக் கல் எறிகிற மாதிரித்தான், முதல் எறி தப்பினால் இரண்டாவது எறி. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் அந்தச் சொல் இன்னும் சீவிக்கிறது. லண்டனில் இருந்து கேட்கிறவருக்கோ வெட்கம்தான் ஞாபகம் வரும். 'செக்கன்ட் அற்றெம்ற்' என்று சொல்லப் பழக்கி அனுப்பினேன்.

எங்கள் வீடுகளில் சோதினை என்ற சொல் உப்புப் புளி மாதிரிப் புழங்குகிறது. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில், பிறகு சாதாரண தரம், பிறகு ஏ.எல். என்கிற உயர்தரம். உயர்தரம் ஆகஸ்ட் மாதத்தில் நடந்த காலத்தில், நல்லூர்த் திருவிழாவுக்குக்கூடப் பிள்ளையை வெளியே விடாத தாய்மாரை எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் படித்துச் சோதினைக்கு நிற்பதும் எங்களுக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் படிப்பித்த வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது 1823 இல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். இவ்வளவு பழக்கம் இருந்தும், சோதினையைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வசனம் பேசச் சொன்னால் பிள்ளைகள் தடக்குப்படுகிறார்கள். தடக்குவது பெரிய சொல்லில் இல்லை, வினைச்சொல்லில்.

தமிழில் நாங்கள் சோதினை எழுதுகிறோம். இங்கிலாந்தில் சோதினையை 'ரேக்' பண்ணுவார்கள், அல்லது அதற்கு 'சிற்' பண்ணுவார்கள். 'ரைற்' என்று சொன்ன பிள்ளைகளைக் கன வருசமாக நான் திருத்திக்கொண்டே இருந்தேன். ஒருநாள் ஒரு பிள்ளை, "ரொறன்ரோவில இருக்கிற என்ர மச்சாளும் அப்பிடித்தானே மிஸ் சொல்லுறவ" என்றாள். விசாரித்தால் உண்மைதான், கனடாவில் அது சாதாரண வழக்கு. அன்றோடு அந்தச் சிவப்புக் கோட்டை நிறுத்திவிட்டேன். 'கிவ்' மட்டும் வேண்டாம். இந்தியத் தொடர்களில் கேட்டுவிட்டு வந்து, தான் சோதினை 'கொடுத்ததாக'ப் பிள்ளை சொன்னால், வெளியூர்க்காரர் அவரை ஆசிரியர் என்று நினைத்துக்கொள்வார்.

'பைஹாட் பண்ணினேன்' என்பதும் அப்படித்தான். பாடமாக்குவதற்கு 'லேர்ன் பை ஹாட்' என்று முழுதாகச் சொல்லவேண்டும். சோதினைக்கு முதல்நாள் இரவு, சாக்குக்குள் வெங்காயத்தை அமத்தி அடைகிற மாதிரி எல்லாவற்றையும் மண்டைக்குள் அடைவதற்கு 'க்ராம்' என்று ஒரு சொல் இருக்கிறது. இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தேவையே இல்லை, கேட்ட உடனே பிடித்துக்கொள்கிறார்கள். மீட்டலுக்கு இங்கிலாந்தில் 'ரிவைஸ்'. அமெரிக்காவில் அதே சொல் எழுதினதைத் திருத்தி மாற்றுவதைக் குறிக்கும், மீட்டல் அங்கே 'ரிவியூ'. மண்டபத்தில் உலாத்துகிற நோக்குநர் இங்கிலாந்தில் 'இன்விஜிலேற்றர்', அமெரிக்காவில் 'புரொக்ரர்'. வீட்டிலிருந்தே கணினியில் ரோஃபல் என்ற ஆங்கிலச் சோதினையை எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைச் சந்திப்பார்கள். எங்கள் அப்பு காலத்தில் புரொக்ரர் என்றால் காணி உறுதி முடிக்கிற பிறக்கிராசியார், அதாவது சட்டத்தரணி.

இதெல்லாம் பேச்சில் வருகிற பிழைகள். கேட்கிறவர் சிரித்துவிட்டு விளங்கிக்கொள்வார், ஒருவருக்கும் புள்ளி போகாது. புள்ளி போகிற இடம் வினாத்தாள்.

பல்கலைக்கழகம் போக இருந்த ஒரு வர்த்தகப் பிரிவுப் பிள்ளைக்குப் போன வருசம் ஒரு மாதிரி வினாத்தாள் தயாரித்துக் கொடுத்தேன். ஒரு கேள்வி 'அக்கவுண்ட் ஃபோர்' என்று தொடங்கியது. மிச்சத்தைத் தமிழில் சொன்னால், யாழ்ப்பாணக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குவதைப் பற்றியது. பிள்ளை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். குளிக்க எத்தனை வாளி, சமைக்க எத்தனை குடம், மிளகாய்க் கன்றுக்கு இறைக்க மிசின் எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று எல்லாம் இருந்தது. கீழே கோடு போட்டுக் கூட்டுத்தொகையும் இருந்தது. கிணற்றுத் தண்ணிக்குக் கணக்கு!

அவளில் பிழை சொல்லமாட்டேன். இரண்டு வருசம் அக்கவுண்ட்ஸ் படித்தவளுக்கு அந்தச் சொல் வேறு எப்படித் தெரியும்? ஆனால் வினாத்தாளில் 'அக்கவுண்ட் ஃபோர்' என்றால் காரணம் கூறுக. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, மழைதான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது, குளங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினால் அது இறங்க இடமில்லை, அதற்கு மேல் மிசின் வைத்து இறைக்கிறோம். இந்த நாலு வரிக்குத்தான் புள்ளி. 'கிவ் அன் அக்கவுண்ட் ஒஃப்' என்று வந்தால் கதை மாறும், அங்கே கேட்பது விபரம், நடந்ததை வரிசையாகச் சொல்லவேண்டும். இரண்டுக்கும் இடையில் சில குட்டிச் சொற்கள்தான் வித்தியாசம்.

உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைகள் இதை முதல் வருசத்தில்தான் சந்திக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்துக்குப் போனாலும் சரி, இங்கே யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடத்துக்குப் போனாலும் சரி, வினாத்தாள் ஆங்கிலத்தில். 'ஸ்ரேற்' என்றால் குறிப்பிடுக, ஒரு வசனத்தோடு நிற்கலாம். அதற்கு அரைப் பக்கம் எழுதிவிட்டு, 'எக்ஸ்பிளெயின்' என்று ஏன், எப்படி எல்லாம் விளக்கச் சொன்ன கேள்விக்கு ஒரு வரியோடு நிறுத்திவிட்டு வருவார்கள், நேரம் போய்விட்டது என்று. 'ஜஸ்ரிஃபை' என்றால் சொன்ன முடிவுக்கு நியாயம் காட்டவேண்டும். முடிவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. 'டிஸ்கஸ்' என்றால் பக்கத்தில் இருக்கிறவனோடு கதைப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் இரண்டு பக்க நியாயத்தையும் வைக்கவேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

என் வகுப்பில் கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்தால் முதல் பத்து நிமிடம் ஒருவரும் விடை எழுதக் கூடாது. பென்சிலால் வினைச்சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழ் வினாத்தாளில் வருகிற சொல்லை எழுதவேண்டும்: குறிப்பிடுக, விபரிக்க, ஒப்பிடுக, வேறுபடுத்துக. இந்தச் சொற்கள் பிள்ளைகளுக்குப் பதினொரு வருசமாகப் பழக்கம். புதிதாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை, எது எதற்குச் சோடி என்று தெரிந்தால் சரி. அறிவுறுத்தல் பகுதியில் 'அற் லீஸ்ற்' வந்தால் அதற்கு இரட்டை வட்டம். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஆகக் குறைந்தது ஒரு கேள்வி செய்யச் சொன்ன இடத்தில், ஒரே பகுதியிலிருந்து ஐந்தையும் செய்துவிட்டு வந்த கெட்டிக்காரரைக் கண்டிருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலச் சோதினையை 'பாஸ் பண்ணிட்டன்' என்று சொல்லிக்கொண்டு இனிப்போடு வருகிறவர்களுக்கு: அந்தச் சோதினையில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. 9 வரைக்கும் பான்ட் என்ற தரநிலை இருக்கிறது, எத்தனை காணும் என்று தீர்மானிப்பது நீங்கள் விண்ணப்பிக்கிற இடம். இனிப்பை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை.

செக்கன்ட் ஷை தம்பி நேர்முகம் முடிந்த அன்று பின்னேரம் கோல் எடுத்தார். "பாஸ் அவுட் சொல்லேல்லை ரீச்சர், ஷையும் சொல்லேல்லை. எல்லாம் நல்லாப் போச்சு. கடைசியா, உங்கட சேர்டிஃபிகேற்றில இசட் ஸ்கோர் எண்டு கிடக்கு, அது என்னெண்டு கேட்டவை."

"நீர் என்ன சொன்னனீர்?"

"அதை நீங்கள் சொல்லித் தரேல்லையே ரீச்சர்."