மருந்துக் கடையில் வாய் திறந்து கேளுங்க

வேலூரில் மருந்துக் கடைக்கா பஞ்சம்? டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்த பிறகு, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கமெல்லாம் லாட்ஜும் மெடிக்கலும் மாறி மாறித்தான் இருக்கும். தமிழுக்குக் கீழேயே வங்காளியிலும் இந்தியிலும் பலகை எழுதியிருப்பார்கள், கடைப் பையன்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காத வங்காளியைக் கவுண்டரில் நின்றே கற்றுக்கொண்டு சரளமாகப் பேசுவார்கள். இவ்வளவு பேச்சு நடக்கிற இடத்தில் மருந்தைப் பற்றிய பேச்சு மட்டும்தான் குறைவு. தள்ளுபடி எவ்வளவு, பத்து நாளைக்கு மட்டும் தருவீங்களா, ஜிபே இருக்கா, முடிந்தது. எப்படிச் சாப்பிடணும்னு தெரியுமா என்று நாங்கள் கேட்டால் ஒரு தலையாட்டல், கவர் கைமாறிவிடும்.

நான் பார்மசிஸ்ட். அந்தத் தலையாட்டலை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மா, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர். ஒவ்வொரு முறை சீட்டு வரும்போதும் யூனிட் ஏறிக்கொண்டே இருக்கிறது, சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. ஊசி போடத் தெரியுமா என்று கேட்டால், 'தெரியும்பா, எத்தினி வருசமா போட்டுக்கினு கீறேன்' என்பார். சரியான பதில்தானே? ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில், 'அம்மா, கோவிச்சுக்காதீங்க, வீட்ல எப்படி எடுப்பீங்களோ அப்படியே ஒரு தடவை காட்டுங்க, நான் பார்க்கணும்' என்று கேட்டேன். பையிலிருந்து சிரிஞ்சை எடுத்தார். ஆரஞ்சு மூடி.

விஷயம் தெரியாதவர்களுக்காக: நம் ஊரில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு ஒரு மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கானது. 40 பாட்டிலில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். அவர் டாக்டர் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தார், கோடு தவறாமல். சிரிஞ்சு எங்கோ அவசரத்துக்கு வேறு கடையில் வாங்கியது, யாரும் மூடியின் நிறத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இதைவிடப் பயங்கரம் தலைகீழாக நடப்பது. பேனா மாதிரிக் கருவியில் போடுகிற இன்சுலினின் கார்ட்ரிட்ஜ் (மருந்துக் குப்பி) பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட் கணக்கு. பேனா கெட்டுப்போச்சு என்று சிலர் அந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சுவார்கள், 20 கோடு என்று நினைத்து 50 யூனிட் போட்டுக்கொள்வார்கள். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ அது போதும். (இன்சுலினைப் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்பதையும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மார்க்கெட் போகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

'தெரியுமா?' என்று மட்டும் கேட்டிருந்தால் இது இன்றைக்கும் வெளியே வந்திருக்காது. தெரியுமா, புரிஞ்சுதா என்ற கேள்விகளுக்கு ஆமாம் என்பது மட்டும்தான் மரியாதையான பதில். இல்லை என்று சொன்னால் பின்னால் நிற்கிற நாலு பேர் முன்னால் படிக்காதவன் என்று ஆகிவிடும், டாக்டரைக் குறை சொன்ன மாதிரியும் ஆகிவிடும். டாக்டரிடமும் இதே கதைதான். 2017-ல் 67 நாடுகளின் தகவலைத் திரட்டி ஒரு ஆய்வு வந்தது. அதில் ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்குகிற நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம், நம் நாட்டுக்கு ஏறக்குறைய 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தில் எங்கே வலிக்கிறது என்று சொல்வதற்கே மூச்சு வாங்கும், கேள்வி எப்போது கேட்பது? ஆக எல்லாச் சந்தேகமும் கேட்கப்படாமலே சீட்டோடு சேர்ந்து எங்கள் கவுண்டருக்கு வருகிறது, அங்கேயும் கேட்கப்படாமலே வீட்டுக்குப் போகிறது.

அதனால் என் தொழில்காரர்களுக்கு முதலில் சொல்கிறேன். கேள்வியை நம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். 'நான் சொன்னது சரியா சொன்னேனான்னு பார்த்துக்கறேன், வீட்டுக்குப் போய் மருமகள்கிட்ட எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க' என்றால் அது பரீட்சை இல்லை, நமக்கு நாமே வைக்கிற சோதனை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், இது பெரிய கஷ்டம், அடுத்த சீட்டை நீட்டிக்கொண்டு ஒரு கை எப்போதும் இருக்கும். ஆனாலும் அந்தச் சில விநாடிச் சும்மா இருத்தலில்தான் 'அது வந்து தம்பி...' என்று நிஜமான கேள்வி எட்டிப் பார்க்கும்.

அப்புறம், திட்டக் கூடாது. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன். பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன் என்று ஒருவர் சொன்னவுடன் 'ஏங்க இப்படிப் பண்றீங்க, பக்கவாதம் வந்தா யார் பாக்கறது' என்று பாய்ந்தால், அவர் அடுத்த தடவையும் நிறுத்துவார், ஆனால் சொல்ல மாட்டார். டாக்டர் கேட்டால் ஒழுங்கா போடுறேன் சார் என்பார். போட்டும் குறையவில்லையே என்று டாக்டர் டோஸை ஏற்றுவார், இல்லை இன்னொரு மாத்திரை சேர்ப்பார். அப்புறம் என்றைக்காவது மகள் வந்து பார்த்து, எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்தால், அன்றைக்குப் பிரஷர் திடீரென்று இறங்கி ஆள் குளியலறையில் விழுவார். ஏன் நிறுத்தினார் என்று கேட்டிருந்தால் போதும். கால் வீங்குது, இருமல் வருது, கையில் காசில்லை, குடியாத்தத்தில் சித்தி சொன்னாங்க, ஏதோ ஒன்று இருக்கும். கால் வீக்கமும் வறட்டு இருமலும் சில பிரஷர் மாத்திரைகளுக்கே உள்ள குணம், டாக்டர் மாற்றித் தருவார். காசு பிரச்சினை என்றால் அதே மருந்து மத்திய அரசின் ஜன் ஔஷதி கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்குமா என்று பார்க்கலாம், அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும். பேசினால்தானே இதெல்லாம்.

குரலையும் கவனிக்க வேண்டும். மூலத்துக்கு மருந்து வாங்க வந்தவரிடம் 'ஆசனவாய்ல தடவணும்' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னால் அவர் ஏன் திரும்பக் கேட்கப் போகிறார்? பெண்கள் விஷயம் இன்னும் மோசம். பக்கத்தில் கணவரோ மகனோ நிற்பார், நாம் அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்போம், பதில் அவரிடமிருந்து வரும். குடிப் பழக்கம் உள்ளவர்கள் நேராகக் கேட்கவே மாட்டார்கள். 'என் ஃபிரண்டு ஒருத்தன், மெட்ரோனிடசோல் போட்டுக்கினு கீறான், அவன் ஊத்திக்கலாமா?' என்று கேட்பார்கள். மெட்ரோனிடசோல் ஒரு ஆன்டிபயாட்டிக். அந்த ஃபிரண்டு யார் என்று கவுண்டரில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டும்: கூடாது, மாத்திரை முடிந்து மூன்று நாள் வரைக்கும் கூடாது.

இப்போது உங்களுக்கு. பார்மசிஸ்டைக் கேள்வி கேட்பது அவருக்குத் தொந்தரவு கொடுப்பது அல்ல. 2015-ல் வந்த மருந்தக நடைமுறை விதிகளில் நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வது பதிவு பெற்ற பார்மசிஸ்டின் கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள், அதில் முதலாவதே தகவல் பெறும் உரிமை. ஆஸ்பத்திரியில் உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி சொல்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை, கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

எதைக் கேட்பது? ஒரே ஒரு கேள்விதான் என்றால், 'இது எதுக்கு?' என்று ஒவ்வொரு அட்டையையும் தொட்டுக் கேளுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே அவிழும். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒரு மாத்திரை, உடம்பு வலிக்கு ஒன்று, மூன்றுக்கும் வேறு வேறு பெயர், மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, கல்லீரல் கெட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. 'இதுவும் காய்ச்சலுக்கா? அதுவும் காய்ச்சலுக்கா?' என்று நீங்கள் கேட்டால் எனக்கே அது கண்ணில் படும்.

அதற்கடுத்து, தினமுமா என்று கேளுங்கள். மூட்டு வாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை கொடுப்பார்கள், வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டியது. கூடவே ஃபோலிக் ஆசிட் வரும். சில கம்பெனி அட்டையில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. மாற்றிப் போட்டு, மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே உலை வைத்துவிடும். நான் அந்த அட்டையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் கிழமையை எழுதித்தான் கொடுப்பேன், 'திங்கள் மட்டும்' என்று. வாரம் ஒருமுறை என்று எழுதினால் போதாது, கிழமை பெயர் வேண்டும். உங்கள் கடையில் எழுதித் தராவிட்டால் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளித்தான் சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரை. குழந்தைக்குப் பவுடராக வருகிற ஆன்டிபயாட்டிக் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்க வேண்டும், கலந்த பிறகு அந்தப் பாட்டிலுக்கு ஆயுசு சில நாள்தான், எத்தனை நாள் என்று அதன் மேலேயே இருக்கும், மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைக்கக் கூடாது. இதெல்லாம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவோம்.

நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்களா, அதையும் சொல்லுங்கள். லேகியம், பொடி, யாரோ கொடுத்த உருண்டை, எதுவானாலும். டாக்டரிடம் மறைத்ததைக் கூட எங்களிடம் சொல்கிறவர்கள் உண்டு, கவுண்டர் என்பதால் பயம் குறைவு போலிருக்கிறது. சொன்னால் திட்டுகிற கடையாக இருந்தால் கடையை மாற்றுங்கள், வேலூரில் பத்தடிக்கு ஒரு மெடிக்கல் இருக்கிறது.

வரும்போது வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரை அட்டையையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், பழசு, பாதி தீர்ந்தது, எல்லாம். அட்டையை வெட்டி வைக்கும்போது பெயரும் தேதியும் இருக்கிற பக்கம் மாத்திரையோடு மிஞ்சுகிற மாதிரி வெட்டுங்கள், இல்லாவிட்டால் எங்களுக்கும் அது என்ன மாத்திரை என்று தெரியாது. நேரம்? ஓ.பி. முடிந்து எல்லாரும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும்போது வேண்டாம். மத்தியானம் மூன்று மணி வாக்கில் வாருங்கள். அந்த வெயிலுக்குக் கடைக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள், பையன் கூட ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருப்பான், நிதானமாகப் பேசலாம்.