பொன்முதுகு மரங்கொத்தி: சொல்லும் பறவையும்

'கொத்து', 'பாடு' போன்ற வினையோடு இகர விகுதி சேர்ந்தால் அந்த வேலையைச் செய்வது என்று பொருள். மீன்கொத்தி அப்படி, வானம்பாடி அப்படி, மரங்கொத்தியும் அப்படித்தான். மரத்தைக் கொத்துவது என்று விரிவதால் இது இரண்டாம் வேற்றுமைத் தொகை. மரம் என்பதன் மகர ஒற்று, அடுத்து வரும் ககரத்துக்கு இனமான ஙகரமாகத் திரிகிறது. மரக்கிளை, மரக்கதவு என்பவற்றைப் பார்த்து 'மரக்கொத்தி' என எழுத வேண்டாம். பின்னால் 'பறவை' சேர்த்தால் மட்டும் 'மரங்கொத்திப் பறவை' என ஒற்று மிகும்.

தெலுங்கில் இதற்கு 'வட்ரங்கி பிட்ட', அதாவது தச்சப் பறவை. இந்தியில் 'கட்போட்வா', மரம் பிளப்பது. பிளப்பதெல்லாம் மிகை, சிம்பு சிம்பாகப் பெயர்ப்பதுதான் நடக்கிறது. தமிழ்ப் பெயர் உள்ளதைச் சொல்கிறது, ஆனால் பாதியைத்தான். புழு, எறும்பு தேடும்போது தட்டும் ஓசை விட்டுவிட்டு, சீரில்லாமல் கேட்கும். காய்ந்த கிளையில் ஒரே மூச்சில் படபடவென்று உருளும் ஓசை இரைக்கானது அல்ல. தன் இணைப்பறவைக்கும் எல்லைக்கும் விடும் அறிவிப்பு. பறை கொட்டுதல் என்கிறோமே, அந்தக் 'கொட்டுதல்'தான் இதற்குப் பொருந்தும் சொல். இரைக்குக் கொத்தும், இணைக்குக் கொட்டும்.

'பொன்முதுகு' என்ற அடைதான் ஆளைக் குழப்புவது. ஆங்கிலத்தில் இன்று இவற்றைத் தழல்முதுகு என்ற பொருளில் அழைக்கிறார்கள். பழைய ஆங்கிலப் பெயரிலும் பொன் இருந்தது. தமிழில் பொன்னை மாற்றத் தேவையில்லை. சிக்கல் வேறு: பொன்முதுகு ஓர் இனத்துக்கு மட்டும் உரியதல்ல. தென்னந்தோப்பிலும் ஊர் மரங்களிலும் காணும் சின்னதுக்கும் (அறிவியல் பெயர் டைனோப்பியம் பெங்காலென்சி) மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் பெரியதுக்கும் (கிரைசோகொலாப்டெஸ்) அது பொது. இரண்டாவதன் பேரினப் பெயர் கிரேக்கம். பொன் என்ற சொல்லும் கொத்தி என்ற சொல்லும் சேர்ந்தது. நேராகத் தமிழாக்கினால் 'பொற்கொத்தி', கேட்கவும் நன்றாகவே இருக்கிறது.

'சிறிய', 'பெரிய' என்று பிரிப்பது காட்டில் உதவாது. 26–29 செ.மீ. பறவையும் ஏறத்தாழ 33 செ.மீ. பறவையும் அருகருகே உட்கார்ந்து அளவு காட்டப் போவதில்லை. முதுகை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். சின்னதன் தொண்டை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். அலகடியிலிருந்து மீசைக்கோடு கிடையாது. பெரியதன் கன்னத்தில் மீசைக்கோடு இரண்டாகப் பிரிந்து நடுவில் வெள்ளைத் திட்டை அடைத்துக்கொண்டு போகும். பிடரி சின்னதுக்குக் கறுப்பு, பெரியதுக்கு வெள்ளை. பெரியதன் கண் வெளிறியிருக்கும், அலகும் நீளம்.

பெட்டையில் வேலை இன்னும் எளிது. சின்னதன் பெட்டைக்கு நெற்றிப் பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி, கொண்டையின் பின்பாதி சிவப்பு. பெரியதன் பெட்டைக்கு உச்சி முழுவதும் கறுப்பில் வெள்ளைப் புள்ளி, சிவப்பே இல்லை.

பறக்கும்போது வாலுக்கு மேலே உள்ள அடிமுதுகு தெரியும்: சின்னதுக்குக் கறுப்பு, பெரியதுக்குச் சிவப்பு. ஆனால் சிவப்பைக் கண்டதும் பெரியது என்று குறித்துவிடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்றாவதாக ஒன்று உண்டு, டைனோப்பியம் ஜாவனென்சி. அதற்கும் அடிமுதுகு சிவப்பு. மீசைக்கோடு பிரியாமல் ஒற்றையாக ஓடும், பிடரி கறுப்பு, காலில் மூன்றே விரல். விரலை எண்ணப் பறவை மரத்தின் நம் பக்கம் வரவேண்டும். அது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் ஒளியும். ஆகவே மீசையே நம்பகமானது.

பெயர் வைப்பதானால் சின்னதைக் 'கரும்பிட்டப் பொன்முதுகு மரங்கொத்தி' என்பது என் தேர்வு. 'பிட்டம்' கூச்சமாகப்பட்டால் 'கருவாலடி' எனலாம். இலங்கையில் பொன்னும் கைவிடும்: யாழ்ப்பாணப் பக்கத்துச் சின்னதுக்கு முதுகு பொன், தெற்கே போனால் அதன் நெருங்கிய உறவுக்கு முதுகு சிவப்பு, இடைப்பட்ட பகுதியில் இரண்டும் கலந்த செம்மஞ்சள் பறவைகளும் உண்டு.