விடுதி அறையில் பின்தங்கும் கடிகாரம்

வீட்டை விட்டுக் கல்லூரி விடுதிக்கு வந்த மாணவர்கள் பலர், முதல் பருவம் பாதி முடிவதற்குள் ஒரே குறையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். இரவு இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. காலை முதல் வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடிவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முழுவதும் விடியற்காலையில் எழுந்து படித்த பிள்ளைகளே இப்படிச் சொல்வதால், சுதந்திரம் கிடைத்ததும் பொறுப்புப் போய்விட்டது என்று பெற்றோரும் ஆசிரியரும் முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவு பெரும்பாலும் அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் அடங்கிய சிறு திரள் ஒன்று உள்ளது. உடல் வெப்பம், உறக்கத்துக்கு முன்னறிவிப்பாக வரும் மெலடோனின் என்னும் ஹார்மோனின் சுரப்பு முதலியவற்றின் நேரத்தை வகுக்கும் தலைமைக் கடிகாரம் இதுதான். ஆனால் இதன் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரத்தில் முடிவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் செய்ஸ்லர் குழு 1999-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, அது சராசரியாக 24 மணி 11 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. திருத்துவதற்கு வெளிக்குறிப்பு எதுவும் இல்லையென்றால் உறக்கம் நாள்தோறும் சிறிது பின்தங்கிக்கொண்டே போகும். வயதும் இதற்குத் துணை நிற்கிறது. ஜெர்மனியில் டில் ரோனபெர்க் குழு 2004-இல் காட்டியபடி, பதின்பருவத்தில் தள்ளிப்போகத் தொடங்கும் உறக்க நேரம் 20 வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகே முன்னோக்கித் திரும்புகிறது. முதலாண்டு மாணவர் அந்த உச்சத்துக்கு மிக அருகில் நிற்கிறார்.

சூழலின் குறிப்புகள் எவ்வளவு வலியவை என்பதற்கு மதுரையிலேயே ஓர் அழகிய சான்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் வழிநடத்திய குழு, வெளவால்களைக் குகையின் நிலையான இருளில் தனித்தனிக் கூண்டில் அடைத்து அவற்றின் நடமாட்டத்தைப் பதிவு செய்தது. அதே குகையில் மற்ற வெளவால்கள் மாலையில் வெளியே சென்று விடியலில் திரும்பிக்கொண்டிருந்தவரை, வெளிச்சத்தையே காணாத கூண்டு வெளவால்களும் 24 மணி ஒழுங்கைக் காத்தன. கூட்டம் இல்லாத இடத்தில் அவற்றின் ஒழுங்கு நழுவிவிட்டது. 1981-இல் வெளிவந்த இந்த ஆய்வை விடுதியோடு அப்படியே பொருத்திவிட முடியாது. மனிதரின் கடிகாரத்தை எல்லாவற்றையும்விட அதிகமாக ஆள்வது ஒளிதான். ஆயினும் எப்போது விளக்கணைப்பது, எப்போது எழுவது என்பதை மனிதருக்கும் பெரும்பாலும் சுற்றியிருப்பவர்களே தீர்மானிக்கிறார்கள். வீட்டில் பத்தரை மணிக்கு விளக்கு அணைந்தது. காலையில் அம்மா சன்னலைத் திறந்தார். விடுதி அறையிலோ நள்ளிரவு தாண்டியும் குழல்விளக்கு எரிகிறது, விடுமுறை நாளில் பதினொரு மணி வரை திரைச்சீலை விலகுவதில்லை.

விழித்திரையில் உருவங்களைக் காட்டுவதைவிட ஒளியின் அளவைக் கடிகாரத்துக்குத் தெரிவிப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்ட தனிவகைச் செல்கள் உள்ளன. மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட இச்செல்கள் நீல ஒளிக்கு நன்கு வினைபுரிகின்றன. இங்கே பலரும் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று இருக்கிறது: ஒரே ஒளி, விழும் நேரத்தைப் பொறுத்து எதிரெதிர் விளைவுகளைத் தருகிறது. உடல் வெப்பம் மிகத் தாழும் நேரம், வழக்கமாக விழிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு வருகிறது. அதற்கு முன் படும் ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும். அதற்குப் பின் படும் ஒளி முன்னே கொண்டுவரும். ஆகவே நாள்தோறும் மூன்று மணிக்குப் படுத்துப் பத்து மணிக்கு எழுந்து பழகியவர், ஒரு நாள் திடீரென ஆறு மணிக்கு எழுந்து வெயிலில் நின்றால், அந்த வெயில் அவர் கடிகாரத்தை மேலும் பின்தள்ளவே கூடும். எழும் நேரத்தை நாளுக்கு அரைமணி வீதம் முன்னகர்த்தி, எழுந்தவுடன் வெளியே செல்வதே பயன் தரும்.

இந்தப் பின்தங்கல் மதிப்பெண்ணையும் தொடுகிறது. அமெரிக்காவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 600-க்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களின் உறக்கத்தை மணிக்கட்டுக் கருவியால் அளந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பருவத்தின் தொடக்கத்தில் குறைவாக உறங்கியவர்களின் பருவ இறுதி மதிப்பெண் சராசரியும் குறைவாக இருந்தது. அவர்களின் முந்தைய மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது. வார இறுதியில் தூங்கி ஈடுசெய்வதற்கும் ஒரு விலை உண்டு. வார நாளில் ஒன்று முதல் ஏழு மணி வரையும், விடுமுறையில் இரண்டரை முதல் பத்தரை வரையும் உறங்குபவரின் உறக்க நடுப்பொழுது இரண்டரை மணி நேரம் இடம்பெயர்கிறது. அது வெள்ளியன்று சென்னையிலிருந்து, அதே இரண்டரை மணி நேர வேறுபாடுள்ள மாஸ்கோவுக்குப் பறந்து, ஞாயிறு இரவு திரும்புவதற்கு ஒப்பானது.

சரிசெய்யும் வழி செலவில்லாதது. ஒளியின் அளவை லக்ஸ் என்னும் அலகால் குறிப்பார்கள்; அறையின் குழல்விளக்கு தருவது சில நூறு லக்ஸ். வெட்டவெளியின் காலை ஒளி, மேகமூட்டத்திலும் பல ஆயிரம் லக்ஸ் தரும். கொலராடோவில் கென்னத் ரைட் குழு, செயற்கை ஒளியே இன்றி ஒரு வாரம் மலைப்பகுதியில் கூடாரமிட்டுத் தங்கியவர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டபோது, அவர்களின் கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னே நகர்ந்திருந்தது. மலையேற இயலாத மாணவர், அறை நண்பருடன் பேசிவைத்து நள்ளிரவுக்கு முன் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, காலையில் மெஸ்ஸுக்குப் போகும் முன் அரைமணி நேரம் மைதானத்தைச் சுற்றி நடக்கலாம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.