துளியே வில்லையாகும் அச்சு

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கொமியூனிகேஷன் கடையில் பிள்ளைகளின் ஒப்படைகளை அச்சிட்டுத் தரும் இங்க்ஜெட் அச்சுப்பொறி, மையைத் தாளின் மீது நுண்துளிகளாகவே வைக்கிறது. இதே தத்துவத்தில் இயங்கும் ஆய்வுகூட அச்சுப்பொறியில் மைக்குப் பதிலாக ஒளிபுகும் பிசினையும், தாளுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகட்டையும் பயன்படுத்தினால், விழுகின்ற ஒவ்வொரு துளியும் தலைமுடியின் தடிப்பளவேயான, ஒளியைக் குவிக்கும் ஒரு வில்லையாக (லென்ஸாக) மாறும்.

எப்சன் வகை அச்சுத்தலைகளில், மின்துடிப்புக் கிடைத்ததும் வளையும் மெல்லிய பீங்கான் தகடு ஒன்று திரவ அறையை நெருக்கித் துளியை வெளியே தள்ளுகிறது. 10 பிக்கோலீற்றர் (ஒரு பிக்கோலீற்றர் என்பது லீற்றரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) கனவளவுள்ள துளியின் விட்டம் ஏறத்தாழ 27 மைக்ரோமீற்றர். பிசின் தடிப்பாக இருந்தால் துளி பிரிந்து வராது. ஆகவே அச்சுத்தலையைச் சூடாக்கி அதை இளக்கிக்கொள்கிறார்கள்.

வியப்புக்குரியது அதன் பின்னர் நிகழ்வதே. இவ்வளவு சிறிய துளியில் புவியீர்ப்பின் செல்வாக்கு மிக அற்பமானது. திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்க முயலும் பரப்பிழுவிசையே ஆட்சி செலுத்துவதால், எவரும் அரைத்துத் தேய்க்காமலே துளியின் மேற்பரப்பு கோளத்தின் ஒரு பகுதியாக வழவழப்பாக அமைந்துவிடுகிறது. அது எவ்வளவு வளைந்திருக்கும் என்பதைத் துளியின் விளிம்பு கண்ணாடியுடன் ஆக்கும் தொடுகைக் கோணம் தீர்மானிக்கிறது. அடித்தள விட்டம் 50 மைக்ரோமீற்றராகவும் பிசின் ஒளியை வளைக்கும் அளவான முறிவுச்சுட்டி 1.5 ஆகவும் இருக்கையில், கோணம் 30 பாகையானால் குவியத் தூரம் 100 மைக்ரோமீற்றர். 60 பாகையானால் அது 58 ஆகக் குறுகிவிடும். எனவே, திரவம் பரவாமல் தடுக்கும் புளோரின் சேர்ந்த மென்படலத்தைக் கண்ணாடியில் பூசுவது, என் பார்வையில், அச்சிடுதலைவிட முக்கியமான வேலை.

ஆவியாகும் கரைப்பானில் கரைத்த பொருளை அச்சிட்டால் வேறொரு சிக்கல் எழும். மேசையில் சிந்திய பிளேன்டீத் துளி காய்ந்தபின் விளிம்பில் கருவளையம் விட்டுச்செல்வது போல, அச்சிட்ட துளியிலும் பொருள் ஓரத்தில் சேர்ந்து நடுப்பகுதி குழிந்துவிடலாம். விளிம்பு அசையாமல் ஒட்டிநிற்க, அங்கே விரைவாக ஆவியாகும் திரவத்தை ஈடுசெய்ய உள்ளிருந்து வெளிநோக்கி ஒரு நீரோட்டம் பாய்ந்து துகள்களை இழுத்துச் செல்கிறது என்று 1997 இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினர். கரைப்பானே இல்லாத பிசினை அச்சிட்டு, கழியூதாக் (புற ஊதாக்) கதிரால் இறுக வைப்பது இதற்கான நல்ல தீர்வு.

2015 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில், சிலிக்கோன் பல்பகுதியத்தைச் சூடான தளத்தில் இங்க்ஜெட் முறையில் இட்டுச் சற்றுப் பெரிய வில்லைகளைச் செய்தார்கள். தளம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாகத் துளி இறுகும். பரவுவதற்கு அதற்கு நேரம் கிடைக்காது. கைத்தொலைபேசியின் கமராவில் நேரடியாக ஒட்டிய அவ்வில்லை 120 மடங்கு உருப்பெருக்கம் தந்தது. 1946 இல் இலங்கைக்குள் நுழைந்து, மழைக்காலந்தோறும் கொழுந்தைத் தாக்கிவரும் தேயிலைக் கொப்புள நோயின் வித்திகளைத் தோட்டத்திலேயே நின்று தேடிப் பார்க்க, இத்தகைய வில்லையைத்தான் நான் முதலில் பரீட்சித்துப் பார்ப்பேன்.