கறுத்த சேறு

கோடையில் தாமிரபரணியில் சாக்கடை கலக்கிற இடமாகப் பார்த்து ஒரு பிடி சேற்றை அள்ளினால் இரண்டு நிறம் தெரியும். மேலே மெல்லிய தோல்போலச் செம்பழுப்பு, அதற்கடியில் மைக்கறுப்பு. கூடவே அழுகிய முட்டை வாடை. ஆற்றுக்கு என்ன ஆகிறது என்பதை இந்த இரண்டு நிறங்களை வைத்தே சொல்லிவிடலாம்.

செம்பழுப்பு என்பது வேறொன்றுமில்லை, இரும்புத் துரு. சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் வயல் உரமும் கொண்டுவரும் பாஸ்பேட், அதாவது பாசிக்கும் செடிக்கும் தீனியாகும் சத்து, இந்தத் துருவில்தான் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை பொதுவாகப் பிடி விடாது. ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றிலுள்ள பாக்டீரியா சும்மா இருப்பதில்லை. சுவாசிக்க முதலில் நைட்ரேட்டை எடுக்கும், அப்புறம் துருவை, கடைசியில் சல்பேட்டை. துரு கரைந்ததும் பாஸ்பேட் மேலே தண்ணீருக்குக் கிளம்பிவிடும். இங்கிலாந்து ஏரிச் சேற்றைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து மார்ட்டிமர் என்பவர் 1941லேயே இதைக் காட்டிவிட்டார். சல்பேட் கட்டத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த முட்டை வாடை. அது இரும்போடு சேர்ந்து கறுப்பாகிவிடும். அப்படிச் சேர்ந்த இரும்புக்குப் பாஸ்பேட்டைப் பிடிக்க வலு கிடையாது.

சரி, ஆக்சிஜன் ஏன் தீர்கிறது? 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே 10 டிகிரி ஏற்றத்தில் பாக்டீரியாவின் வேகமோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வரவு குறையும்போதுதான் செலவு கூடுகிறது. நெல்லையில் இதற்கு வசதியான பருவமும் இருக்கிறது: பிசானம் அறுவடை முடிந்து, கார் சாகுபடிக்கு அணை திறக்கும்வரை ஆறு மெலிந்து கிடக்கும். தடுப்பணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரை அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மூடிக்கொண்டால் காற்றும் உள்ளே போகாது. செடி அழுகினால் அதுவும் சேற்றுக்குத் தீனி.

நைட்ரஜன் கதை கொஞ்சம் வேறு. சேற்றில் பிறக்கும் அம்மோனியத்தை ஆக்சிஜன் உள்ள மேல்தோலில் பாக்டீரியா நைட்ரேட்டாக்கும். அது கீழே இறங்கினால் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போய்விடும். மேல்தோல் மூச்சு முட்டினால் இந்த வழி அடைபட்டு அம்மோனியம் அப்படியே தண்ணீரில் ஏறும்.

பச்சைப் பாசி படர்ந்த இடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. உச்சி வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சத் தண்ணீரில் காரம் ஏறி, அதை அளக்கும் பி.எச். எண் 9ஐயும் தாண்டலாம். அப்போது ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் துரு பாஸ்பேட்டை நழுவவிடுகிறது. அதே காரத்தில் அம்மோனியம் மீனைக் கொல்லும் அம்மோனியாவாக மாறும். ராத்திரி பாசியும் சேர்ந்து ஆக்சிஜனைக் குடிக்கும். ஆகப் பகலிலும் நிம்மதியில்லை, இரவிலும் இல்லை.

வெள்ளமோ மணல் தோண்டுவதோ சேற்றைக் கலக்கினால் உள்ளே தேங்கிய சத்து ஒரே மூச்சில் வெளிவரும். ஓடும் தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் இரும்பு மறுபடி துருவாகி அதில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

இதனால்தான் இன்றைக்கே சாக்கடையை நிறுத்தினாலும் அடுத்த கோடையில் ஆறு தெளிந்துவிடாது. அடியில் சேர்ந்தது பல வருடம் கசியும். காய்ந்த குளத்துக் கரம்பையை நம் சம்சாரிகள் வண்டியில் அள்ளி வயலில் போட்டதும் இந்தச் சத்துக்காகத்தான். நகரத்துச் சேற்றை அப்படி அள்ள முடியாது. அதில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் வயலில் போடுவதற்கில்லை.