நுண்செதுக்கல்: 'மைக்ரோமெஷினிங்' தமிழில்

மைக்ரோமெஷினிங் என்பதை 'நுண் இயந்திரமயமாக்கல்' என்று பெயர்த்தால் பொருளே மாறிப்போகும். ஆள் செய்துவந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதுதான் இயந்திரமயமாக்கல். மெஷினிங் அதுவல்ல, உலோகத் துண்டில் வேண்டாத பகுதியை வெட்டியும் சீவியும் நீக்கி, வேண்டிய உருவத்தை எடுப்பது.

சொல்லின் பகுதிகள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. 'மிக்ரோஸ்' என்றால் சிறியது. கருவியைக் குறித்த 'மெக்கானே' இலத்தீனில் 'மாக்கினா' ஆகி, பிறகு மெஷின் ஆனது. நானோவுக்கு மூலமான 'நானோஸ்' குள்ளனைக் குறிக்கும். அளவில் மைக்ரோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு, நானோ நூறு கோடியில் ஒரு பங்கு. மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் குறித்த 'மைக்ரான்' என்ற அலகுப் பெயர் 1967-68இலேயே அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. பட்டறைகளில் இன்றும் மைக்ரான்தான். 'நானோ தொழில்நுட்பம்' என்ற சொல்லை 1974இல் முதலில் கையாண்ட ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி துல்லிய வேலைப்பாட்டுத் துறைக்காரர் என்பதை இங்கே அவசியம் சொல்லவேண்டும். அந்தச் சொல் பிறந்த வீடே இந்தத் துறைதான்.

இரண்டு அளவுகளும் ஒரே உறுப்பில் சந்திப்பதை வெற்றிட மின்னணுவியலில் பார்க்கலாம். 220 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் பயண அலைக் குழலை, அதாவது எலக்ட்ரான் கற்றையின் ஆற்றலைக் கொண்டு அலையை வலுவாக்கும் வெற்றிடக் குழலை, எடுத்துக்கொள்வோம். அலைநீளம் சுமார் 1.36 மில்லிமீட்டர். அலை ஓடும் செம்புக் கால்வாய்களும் எலக்ட்ரான் கற்றை செல்லும் துளையும் அதைவிடச் சிறியவை. அவற்றின் அளவு சில மைக்ரான் பிசகினாலும் அலையும் கற்றையும் ஒத்து ஓடாமல் போகலாம். மின்னோட்டமோ செம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 140 நானோமீட்டர் ஆழத்துக்குள்தான் பாய்கிறது. உளி விட்ட வரிகள் அந்த ஆழத்தை எட்டிவிட்டால் இழப்பு கூடும். ஆகவே கால்வாயின் அளவுக்கு மைக்ரோ, அதன் சுவரின் வழவழப்புக்கு நானோ.

இந்தக் குழல்களுக்குப் பயன்படும் ஆக்சிஜன் நீக்கிய செம்பு மென்மையானது. வெட்டும்போது இழுபட்டு, கால்வாயின் விளிம்பில் பிசிறாக நிற்கும். அந்தப் பிசிறு உயர் மின்னழுத்தத்தில் மின்பொறிக்கு இடம் கொடுக்கும். வெட்டு எண்ணெயின் கந்தக எச்சம், கற்றைக்கு எலக்ட்ரான்களைத் தரும் முனையான கேத்தோடின் உமிழ்வையே குலைத்துவிடும். செம்பை வைரமுனை உளியால் வெட்டினால் பரப்பு கண்ணாடிபோல் வரும்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'கடைசல்' அருமையான பட்டறைச் சொல். ஆனால் கடைசல் பிடிக்கும்போது சுழல்வது உலோகத் துண்டு. மில்லிங்கில் சுழல்வது உளி. இரண்டையும் அடக்க 'நுண்செதுக்கல்' பொருந்தும் என்பது என் கருத்து. நானோ அளவுக்கு 'மீநுண்செதுக்கல்'. மின்பொறியால் அரித்தெடுக்கும் முறையையும் இதில் சேர்க்கலாம், அங்கும் உலோகம் நீக்கப்படுகிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருவான லிகா முறையைச் சேர்க்க முடியாது. அதில் அச்சுக்குள் மின்முலாம் வழியாக உலோகம் வளர்க்கப்படுகிறது. அதற்கு 'நுண்ணுருவாக்கம்' என்பதே சரி.