தண்டு செல்லா, குருத்தணுவா?

பந்தயக் குதிரையின் காலில் 'தண்டு செல்' (ஆங்கிலத்தில் ஸ்டெம் செல்) ஊசி போட்டார்கள் என்று மறுபடியும் ஒரு காணொளி. பார்த்த நண்பர் கேட்கிறார், கால் நாண் (தசையை எலும்போடு கட்டும் டெண்டன்) பிய்ந்ததற்கு எதற்குத் தண்டுவடத்தில் கை வைக்கிறார்கள் என்று. அவர் மேல் தப்பே இல்லை. தமிழில் உடம்பைப் பற்றிப் பேசும்போது தண்டு என்றால் யாருக்கும் முதுகுதான் நினைவுக்கு வரும்.

உண்மையில் இந்தச் செல்களை எடுப்பது பெரும்பாலும் மார்பெலும்பு மஜ்ஜையிலிருந்து. ஆய்வகத்தில் சில வாரம் பெருக்கி, ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும் கிழிசலுக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். லண்டன் ராயல் வெட்டர்னரி கல்லூரியின் ரோஜர் ஸ்மித் குழு 2003இல் இதைப் பற்றி எழுதியது.

சொல்லின் கதை சின்னதுதான். 1868இல் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 'ஷ்டாம்செல்லே' என்றார். ஷ்டாம் என்றால் அடிமரம், குலம் இரண்டும். அவர் மனதில் இருந்தது உயிர்களின் வம்ச மரம். எல்லாக் கிளைக்கும் மூத்த முதல் உயிரணு. ஆங்கிலத்தில் அது ஸ்டெம் ஆனது, நம்மவர் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட 'தண்டு'வை எடுத்து ஒட்டிவிட்டார்கள். கீரைத்தண்டு, வாழைத்தண்டு மாதிரி! தண்டு என்பது ஏற்கெனவே வளர்ந்து முடிந்த பகுதி, இங்கே சொல்ல வேண்டியதோ இனிமேல் எதுவாகவும் ஆகக்கூடிய ஒன்றை. போதாக்குறைக்குச் சிலர் 'தண்டு அணு' என்று எழுதுகிறார்கள், கேட்டால் கல்பாக்கம் ஞாபகம்தான் வருகிறது.

'மூலச் செல்' பொருளில் கிட்டத்தட்ட சரி, ஹெக்கல் ஒத்துக்கொள்வார். ஆனால் 'மூலச் சிகிச்சை' என்று எழுதிப் பாருங்கள், பஸ் ஸ்டாண்டு சுவர் விளம்பரம் மாதிரி இருக்கும்.

என் ஓட்டு குருத்தணுவுக்கு. தென்னையில் குருத்து போனால் மரமே போச்சு. அங்கிருந்துதான் ஓலை, பாளை எல்லாம் வருகிறது. சிவப்பணு, தட்டணு என்று ஏற்கெனவே பழகியதால் 'அணு'வும் இங்கே உறுத்தாது. ஒரே சிக்கல், மூட்டுச் சிகிச்சை பேசும்போது குருத்தெலும்பும் பக்கத்திலேயே வரும், அவசரத்தில் படிப்பவர் குழம்புவார். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்டெம் செல் என்றே எழுதிவிடலாம், தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது. தப்பான தமிழைவிட அது மேல்.

அதற்காகக் குருத்து என்றதும் புது நாண் முளைத்துவிடும் என்று தலைப்புப் போடுபவர்களையும் மன்னிக்க முடியாது. செலுத்திய அணுக்களில் பெரும்பகுதி அங்கே தங்குவதே இல்லை; அழற்சியைத் தணித்து, ஆறுகிற விதத்தைச் சீராக்குகின்றன என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2012இல் வெளியான ஆய்வில் இந்தச் சிகிச்சை பெற்ற 113 பந்தயக் குதிரைகளில் சுமார் 27 சதவீதத்துக்கு மறுபடி காயம் வந்தது. வழக்கமான முறைகளைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

அப்புறம் இந்தத் 'தசைநார்'. தசையை எலும்போடு கட்டுவதும் தசைநார், எலும்பை எலும்போடு கட்டுவதும் தசைநாராம். முதலாவதற்குத் தசைநாண் என்று அருமையான சொல் இருக்கிறது. குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே சொல்லும்படியான தசையே கிடையாது, நாணும், எலும்பை எலும்போடு கட்டும் நாரும்தான். எது பிய்ந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது எத்தனை மாதம் ஓடாமல் நிற்க வேண்டும் என்று வைத்தியர் சொல்வார். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குதிரைக்காரர் எதை நம்பி அதை லாயத்தில் கட்டிவைப்பார்?